ஆஸ்திரேலியக் காட்டில் பைப்பாலூட்டிகளைப் பார்ப்பது எப்படி

ஆஸ்திரேலியாவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோர் பலர் முதன்முதலாகக் காணும் கங்காரு நெடுஞ்சாலையோரத்தில் அடிபட்டுக் கிடக்கிறது. அடுத்து அவர்கள் காண்பது, விலங்குப் பூங்காவில் கையிலுள்ள தீனிக்காக மூக்கை நீட்டி நிற்கும் கங்காரு. தன் போக்கில் மேய்ந்து, குட்டிக்குப் பால் கொடுத்து, கூட்டத்துக்குள் மல்லுக்கட்டித் திரியும் ஒரு காட்டுக் கங்காருவைக் காணாமலே அவர்கள் ஊர் திரும்புவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. சிட்னியின் மேற்குப் புறநகர்களிலிருந்தோ மெல்பர்னின் தென்கிழக்குப் புறநகர்களிலிருந்தோ ஒரு மணி நேரத்துக்குள் காரில் போய்ச் சேரக்கூடிய இடங்களிலேயே அந்தக் காட்சி கிடைக்கிறது. எந்த நேரத்தில் போவது, எதைத் தேடுவது, எவ்வளவு தூரத்தில் நின்றுவிடுவது என்பவை தெரிந்திருந்தால் போதும்.

இதில் நான் கைக்கொள்ளும் அளவுகோல் ஒன்றே. நாம் போவதற்கு முன் அந்த விலங்கு எதைச் செய்துகொண்டிருந்ததோ அதையே நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதும் தொடர்ந்து செய்தால் நாம் சரியாகப் பார்க்கிறோம். மேய்வதை நிறுத்தித் தலையை நிமிர்த்திவிட்டால் கூடுதலாக நெருங்கிவிட்டோம். எழுந்து ஓடிவிட்டால் அன்றைய காட்சியை நாமே கெடுத்துக்கொண்டோம். இனி வரும் ஒவ்வொரு யோசனையும் இந்த அளவுகோலிலிருந்து பிறந்ததுதான்.

எவற்றைத் தேடுகிறோம்

கங்காரு, அதைவிடச் சிறிய உறவான வாலபி, கோவாலா, வொம்பேட், இரவில் மரமேறித் திரியும் போசம், பாண்டிகூட், ஊனுண்ணிகளான குவோல், டாஸ்மேனியப் பேய், நம்பேட் என்று பல குடும்பங்களைச் சேர்ந்த விலங்குகளுக்கும் பைப்பாலூட்டிகள் என்பதே பொதுப்பெயர். இவற்றின் குட்டி மிகக் குறுகிய கருக்காலத்துக்குப் பின், உருவம் முழுமையடையாத நிலையில் பிறந்து, தாயின் முலைக்காம்பைப் பற்றிக்கொண்டு மீதி வளர்ச்சியை அங்கே முடிக்கிறது. செங்கங்காரு வயிற்றில் குட்டியைச் சுமப்பது ஏறத்தாழ 33 நாள்கள் மட்டுமே. பிறக்கும் குட்டி ஒரு கிராம் எடைகூட இருக்காது. அது தானாகவே தாயின் உரோமத்தைப் பற்றி ஏறிப் பைக்குள் புகுந்து, ஏழெட்டு மாதம் கழித்துத்தான் பையை விட்டு நிரந்தரமாக வெளியேறுகிறது. ஆஸ்திரேலியாவில் வாழும் பிளாட்டிபஸும் எக்கிட்னாவும் முட்டையிடும் பாலூட்டிகள் ஆதலால் இந்த வரிசையில் சேரா.

எல்லாப் பைகளும் கங்காருவின் பைபோல மேல்நோக்கித் திறப்பதில்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மண்ணைத் தோண்டும் வொம்பேட்டுக்கும் பாண்டிகூட்டுக்கும் பை பின்புறமாகத் திறப்பதால், தோண்டும்போது மண் குட்டியின் மேல் விழுவதில்லை. பின்னங்கால்களுக்கு இடையிலிருந்து ஒரு சிறு முகம் எட்டிப் பார்க்கும் வொம்பேட்டைக் கண்டால், பையின் வாய் அங்கேதான் இருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். கறையான் தின்னும் நம்பேட்டுக்கோ முறையான பையே கிடையாது. அதன் குட்டிகள் தாயின் அடிவயிற்று உரோமத்தைப் பற்றித் தொங்குகின்றன.

எப்போது போவது

இவற்றுள் மிகப் பல அந்தியிலும் இரவிலும் விடியலிலும் நடமாடுபவை. நண்பகலில் காட்டுக்குப் போய் ஒன்றையும் காணாமல் திரும்பியவர்கள், அங்கே விலங்கே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த நேரத்தில் கங்காருக்கள் மர நிழலில் படுத்திருக்கும், வொம்பேட் வளைக்குள் இருக்கும், போசம் மரப்பொந்தில் உறங்கும். சூரியன் மறைவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாகப் போய், வெளிச்சம் முற்றிலும் மறையும் வரை இருப்பது தொடக்கநிலையில் உள்ளவர்களுக்கு மிகவும் ஏற்றது. மேய்ச்சலுக்கு வெளியே வரும் கூட்டத்தையும் பொந்திலிருந்து கிளம்பும் போசத்தையும் ஒரே அமர்வில் பார்த்துவிடலாம். விடியற்காலை இன்னும் அமைதியானது, ஆனால் இருட்டில் கார் ஓட்டிப் போக வேண்டியிருக்கும். அதிலுள்ள ஆபத்தைப் பின்னால் சொல்கிறேன்.

பருவமும் இதில் மாற்றம் செய்கிறது. குளிர்காலத்திலும் மேகமூட்டமான நாள்களிலும் டாஸ்மேனியாவின் வொம்பேட்டுகள் பிற்பகலிலேயே வளையை விட்டு வந்து புல் மேய்கின்றன. நம்பேட் பகலில் மட்டுமே நடமாடுவது. கறையான்கள் மண்ணின் மேற்பரப்புக்கு அருகில் வரும் நேரத்தை ஒட்டி, குளிர்காலத்தில் நண்பகலிலும் கோடையில் காலையிலும் மாலையிலும் அது இரை தேடுகிறது. கோவாலாக்களுக்கு இனப்பெருக்கக் காலம் ஏறத்தாழ செப்டம்பர் முதல் பிப்ரவரி வரை நீள்கிறது. அப்போது ஆண் எழுப்பும் கரகரத்த உறுமல் இரவில் வெகுதூரம் கேட்கும் என்பதால், இருக்குமிடத்தை அது தானே காட்டிக்கொடுத்துவிடும். பலமான காற்று வீசும் இரவில் மட்டும் போகாதீர்கள். எதுவும் காதில் விழாது என்பதோடு, முதிர்ந்த யூகலிப்டஸ் மரங்கள் பெருங்கிளைகளைத் திடீரென்று முறித்துப் போடும்.

தடயம் பார்த்தல்

என் தந்தை ஆடு வளர்த்த குடும்பத்தில் பிறந்தவர். முதன்முறை இங்கே வந்தபோது, நான் பைனாகுலரால் மரங்களைத் துழாவிக்கொண்டிருக்க, அவர் குனிந்து புழுக்கைகளைப் பார்த்துவிட்டு, "இது இன்னைக்குக் காலையில போட்டது, பட்டாளம் அந்தப் பக்கமாத்தான் இறங்கியிருக்கு" என்று ஓடைப் பக்கம் கையைக் காட்டினார். அவர் சொன்ன திசையில் இருபது கங்காருக்கள் இருந்தன. விலங்கைத் தேடுவதற்கு முன் அதன் தடயத்தைத் தேட வேண்டும் என்பதை நான் அன்றுதான் கற்றுக்கொண்டேன்.

கங்காருவின் புழுக்கை ஆட்டுப் புழுக்கையைவிடப் பெரியதாக, ஓரளவு சதுரம் தட்டிய உருண்டையாக, உள்ளே புல் நார் தெரியும்படி, நான்கைந்து சேர்ந்து கிடக்கும். ஈரமும் கருமையும் இருந்தால் புதியது, வெளுத்து நொறுங்கினால் பழையது. வொம்பேட்டின் புழுக்கை கனசதுர வடிவமானது. அதன் குடல் சுவரின் மீள்தன்மை எல்லா இடத்திலும் ஒரே அளவாக இல்லாததால் இந்த வடிவம் கிடைக்கிறது. கல், மரக்கட்டை, புல் திட்டு போன்ற சற்று உயர்ந்த இடங்களின் உச்சியில் அதைப் போட்டுவைத்துத் தன் வாசனையை மற்ற வொம்பேட்டுகளுக்கு அறிவிக்கிறது. பாறையின் மேல் யாரோ அடுக்கி வைத்ததுபோல் கனசதுரங்களைக் கண்டால், அருகில் எங்கேனும் ஓர் ஆள் நுழையலாம் போன்ற பெரிய வளை இருக்கும். வளையின் வாயில் சிலந்தி வலை பின்னியிருந்தால் அது இப்போது பயன்பாட்டில் இல்லை. மண் புதிதாகக் கிளறப்பட்டு, அகன்ற பாதத் தடங்கள் தெரிந்தால் மாலையில் வந்து தூரத்தில் உட்காரலாம். வளையின் மேலே நடக்காதீர்கள். மண் சரியக்கூடும், மனித வாசனை வாயிலில் படிந்தால் அது வெளியே வரத் தயங்கும்.

கோவாலாவைத் தேடும்போது மேலே பார்ப்பதற்கு முன் கீழே பார்க்க வேண்டும். வழவழப்பான பட்டை கொண்ட யூகலிப்டஸ் மரத்தின் அடியில், ஒரு முனை சற்றுக் கூம்பிய, ஒலிவக் கொட்டை அளவுள்ள இறுக்கமான புழுக்கைகள் கிடக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு குச்சியால் பிளந்தால் நீலகிரித் தைலத்தின் வாசம் மூக்கில் ஏறும். நம் ஊரில் தைலமரம் என்று சொல்லும் யூகலிப்டஸின் இலைதான் கிட்டத்தட்ட அதன் முழு உணவும். பட்டையில் நகக் கீறல்கள் இருப்பதும் துணைச் சான்று, ஆனால் போசமும் அதே மரத்தில் ஏறிக் கீறுவதால் கீறலை மட்டும் நம்ப முடியாது. புழுக்கை பச்சையும் பளபளப்புமாக இருந்தால் அந்த மரத்திலோ பக்கத்து மரத்திலோ கோவாலா இருக்க வாய்ப்பு மிகுதி. பிறகு மரத்தைச் சுற்றி மெதுவாக நடந்து, ஒவ்வொரு கிளைக் கவட்டையாகப் பாருங்கள். நகராத சாம்பல் நிற உருண்டை ஒன்று மரமுடிச்சு போலத் தோன்றும், அதன் அடிப்பாகம் வெளிறியிருக்கும். கடும் வெயில் நாளில் அது வழக்கத்தைவிடத் தாழ வந்து, குளிர்ந்த அடிமரத்தைக் கட்டிப்பிடித்தபடி இருக்கும்.

புல்தரையில் விரல் நுழையும் அளவுக்குக் கூம்பு வடிவக் குழிகள் ஆங்காங்கே இருந்தால் பாண்டிகூட் புழு தேடியிருக்கிறது. மரத்தண்டில் ஆங்கில எழுத்து வீ போன்ற வெட்டுகளும் அவற்றிலிருந்து பிசின் வழிந்த தடமும் இருந்தால், மரத்துக்கு மரம் சறுக்கிப் போகும் போச வகையான மஞ்சள்வயிற்றுக் கிளைடர் சாறு குடிக்க வரும் மரம் அது. புதருக்குள் கூடைப்பந்து அளவில் குச்சியும் பட்டையும் சேர்த்துக் கட்டிய கூடு இருந்தால், வளையவால் போசம் பகலில் அதற்குள் சுருண்டு கிடக்கிறது என்று பொருள். அதைத் தொட வேண்டாம்.

கங்காருக் கூட்டத்தின் அருகே

கங்காருக் கூட்டத்தை நேராக நோக்கி நடப்பவர்களை அவை வேட்டைவிலங்காகவே கருதுகின்றன. கூட்டம் கண்ணில் பட்டதும் நின்றுவிடுங்கள். பிறகு அதை நோக்காமல், பக்கவாட்டில் சாய்கோணமாக, இடையிடையே நின்று, பார்வையை வேறு எங்கோ வைத்தபடி சில அடிகள் நடந்து, உட்கார்ந்துவிடுங்கள். உட்கார்ந்த மனிதனைக் கங்காருக்கள் நிற்கும் மனிதனைவிட எளிதாக ஏற்றுக்கொள்கின்றன என்பது என் பல ஆண்டு அனுபவம். காதுகளைக் கவனித்தால் அவற்றின் மனநிலை தெரியும். இரண்டு காதும் வெவ்வேறு திசையில் திரும்பிக்கொண்டிருந்தால் அமைதி. இரண்டும் உங்களை நோக்கி நிலைகுத்தி நின்றால் எச்சரிக்கை. ஒன்று பின்னங்காலால் தரையைத் தட் என்று அடித்தால், அது மற்றவற்றுக்குச் சொல்லும் அபாயச் செய்தி. அடுத்த நொடி கூட்டமே கிளம்பிவிடும்.

உட்கார்ந்து இருபது நிமிடம் கழிந்தபின்தான் உண்மையான காட்சி தொடங்குகிறது. மேயும்போது அது முன்கைகளையும் வாலையும் ஊன்றிக்கொண்டு இரு பின்னங்கால்களையும் ஒன்றாக முன்னே கொண்டுவருவதைக் கவனியுங்கள். அந்த மெதுநடையில் வால் ஐந்தாவது காலாக உடலைத் தாங்கித் தள்ளுகிறது. பின்பாதத்தில் ஒட்டிப் பிறந்த இரு சிறு விரல்களைச் சீப்பாக வைத்து உரோமத்தை வாருவதைப் பாருங்கள். வெயில் நாளில் முன்கைகளை நக்கிக்கொண்டே இருந்தால், தோலுக்கு அருகில் ஓடும் இரத்தத்தை அந்த ஈரத்தால் குளிர்விக்கிறது. ஏற்கெனவே பையை விட்டு வெளியேறிய பெரிய குட்டி தலையை மட்டும் பைக்குள் விட்டுப் பால் குடிக்க, அதே பைக்குள் விரற்கடை அளவுள்ள புதிய குட்டி வேறொரு காம்பைப் பற்றியிருக்கும். இருவருக்கும் தாய் வெவ்வேறு வகைப் பாலைச் சுரந்து கொடுக்கிறாள். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது சலிக்கவில்லை.

எது கங்காரு, எது வாலபி என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். புல்வெளியில் கூட்டமாக, சாம்பல்பழுப்பு நிறத்தில் மேய்பவை கிழக்குக் கரையோர மாநிலங்களில் பெரும்பாலும் கீழைச் சாம்பல் கங்காருக்கள். அவற்றின் மூக்குத் துவாரங்களுக்கு இடையே மெல்லிய உரோமம் உண்டு. மூக்கு கருத்து வெறுமையாகவும் உடல் சடைத்தும் பாறைச் சரிவில் தனித்தும் இருந்தால் வல்லரு என்னும் கங்காரு வகை. அடர்ந்த புதருக்குள்ளிருந்து, கருமை கலந்த உடலும் செம்மை தோய்ந்த வயிறுமாய், தலையைத் தாழ்த்திக்கொண்டு தனியே துள்ளிப் போவது சதுப்பு வாலபி. பெரிய செங்கங்காருவைப் பார்க்க வேண்டுமானால் புரோக்கன் ஹில்லுக்கு வடக்கே ஸ்டர்ட் தேசியப் பூங்கா போன்ற வறண்ட உள்நாட்டுப் பகுதிக்குத்தான் போக வேண்டும்.

இரண்டு ஆண்கள் எதிரெதிரே நிமிர்ந்து கைகளால் தள்ளிக்கொள்வதைக் கண்டால் விலகி இருங்கள். பெரிய ஆண் ஒன்று உங்களை நோக்கி நெஞ்சை நிமிர்த்தி நின்றாலோ, தொண்டைக்குள் உறுமினாலோ, முதுகைக் காட்டி ஓடாமல், உடலைக் குறுக்கிக்கொண்டு மெதுவாகப் பின்வாங்குங்கள். நேராகக் கண்ணைப் பார்க்காதீர்கள். நாயைக் கூட்டிக்கொண்டு போகவே கூடாது, தேசியப் பூங்காக்களுக்குள் அதற்குப் பொதுவாக அனுமதியும் இல்லை. விரட்டப்படும் தாய், தப்பி ஓடும் வேகத்தில் பையிலுள்ள குட்டியைத் தவறவிடக்கூடும்.

இரவில் பார்த்தல்

இரவு நடைக்கு முன் செய்யத்தக்க ஒரு வேலை உண்டு, பெரும்பாலோர் அதைச் செய்வதில்லை. பகலிலேயே பெரிய பொந்துகள் உள்ள முதிர்ந்த மரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து வையுங்கள். சூரியன் மறைவதற்குக் கால் மணி நேரம் முன்னதாக அங்கே போய், பொந்து மேற்கு வானத்தின் மீது நிழலுருவமாகத் தெரியும் திசையில், கிளைகளுக்கு நேர் கீழே இல்லாதவாறு, பாயை விரித்து மல்லாந்து படுத்துவிடுங்கள். விளக்கே வேண்டாம். வானம் கருஞ்சிவப்பாகி முதல் விண்மீன்கள் தோன்றும் நேரத்தில் பொந்தின் வாயில் ஒரு தலை தெரியும். நெடுநேரம் அசையாமல் பார்த்துவிட்டு அது ஏறத் தொடங்கும். கிரேட்டர் கிளைடராக இருந்தால், கிளை நுனிக்கு வந்து, முழங்கைக்கும் கணுக்காலுக்கும் இடையிலுள்ள தோல் மடிப்பை விரித்து, ஓசையே இல்லாமல் அடுத்த மரத்துக்குச் சறுக்கிப் போகும். ஒரே சறுக்கில் நூறு மீட்டர் வரை அது போகக்கூடியது. யூகலிப்டஸ் மரத்தில் இத்தகைய பெரும் பொந்து உருவாக நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். பழைய மரங்கள் வெட்டப்பட்டும் 2019–20 கோடையின் பெருந்தீயில் எரிந்தும் போனதால், இந்த விலங்கு 2022இல் அழிவை எதிர்நோக்கும் இனங்களின் பட்டியலுக்கு உயர்த்தப்பட்டது. அதே ஆண்டில் குவீன்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ், கான்பரா பகுதிக் கோவாலாக்களும் அதே நிலைக்குக் கொண்டுவரப்பட்டன.

முழு இருள் வந்தபின் விளக்கை எடுக்கலாம். டார்ச்சைக் கண் மட்டத்தில், கன்னத்தை ஒட்டிப் பிடிக்க வேண்டும். விலங்கின் கண்ணில் பட்டுத் திரும்பும் ஒளி விளக்கு இருக்கும் இடத்துக்கே வருவதால், இடுப்பில் பிடித்தால் அது நம் கண்ணுக்குக் கிடைக்காது. தலையில் மாட்டும் விளக்கு இதற்கு மிகவும் வசதி. திண்டுக்கல், கரூர் மாவட்டக் காடுகளில் தேவாங்கைத் தேடுபவர்களும் இப்படிக் கண்ணொளியை வைத்துத்தான் தேடுகிறார்கள். கிரேட்டர் கிளைடரின் கண் மிகப் பிரகாசமாக, வெண்மஞ்சளாக ஒளிரும். தூரிகைவால் போசத்தின் கண் செந்நிறமாகத் தெரியும். கண் தென்பட்டதும் ஒளியின் நடுப்பகுதியை விலங்கின் மேலிருந்து விலக்கி, ஓரத்து மங்கல் ஒளியில் மட்டும் பாருங்கள். சிவப்புக் கண்ணாடித்தாளை ரப்பர் வளையத்தால் விளக்கின் முகத்தில் கட்டிக்கொள்வது இன்னும் நல்லது. வெள்ளொளியில் கண் கூசிய கிளைடர் அடுத்த மரத்தைச் சரியாகக் கணிக்க முடியாமல் போகும். ஆந்தைக்கும் அது எளிய இலக்காகிவிடும். கேமராவின் பளிச்சொளியை முற்றிலும் அணைத்துவிடுங்கள். ஒரு விலங்கைச் சில நிமிடங்கள் பார்த்தது போதும் என்று நகர்ந்துவிடுவதே முறை.

பத்து அடிக்கு ஒரு முறை விளக்கை அணைத்து நின்று கேட்கவும் வேண்டும். சிறிய நாய் விட்டு விட்டுக் குரைப்பதுபோல் வந்தால் சுகர் கிளைடர். கிரீச்சென்று தொடங்கிக் கொப்பளிக்கும் ஓசையாக முடிந்தால் மஞ்சள்வயிற்றுக் கிளைடர். மூச்சை இழுத்துச் சீறியும் கரகரத்தும் இரண்டு சண்டையிட்டால் தூரிகைவால் போசங்கள். அவற்றை நகர வீடுகளின் ஓட்டுக்கூரையிலேயே கேட்டுப் பழகலாம்.

எங்கே போவது

சிட்னியில் இருப்பவர்கள் புளூ மவுண்டன்ஸ் தேசியப் பூங்காவின் கிளென்புரூக் நுழைவாயில் வழியாக யூரோக்கா என்ற புல்வெளிக்குப் போகலாம். மாலையில் கங்காருக்கள் முகாம் இடத்துக்குள்ளேயே மேயும். வாயில் மூடும் நேரத்தையும், மழைக்குப் பின் ஓடைப் பாதை திறந்திருக்கிறதா என்பதையும் முன்கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். மெல்பர்னில் டாண்டினாங் அருகேயுள்ள சர்ச்சில் தேசியப் பூங்காவில் சாம்பல் கங்காருவும் சதுப்பு வாலபியும் உண்டு. வொம்பேட்டுக்கு வில்சன்ஸ் புரொமண்டரி சிறந்த இடம்.

ஒரே பயணத்தில் மிகுதியாகப் பார்க்க வேண்டும் என்றால் நான் தயங்காமல் டாஸ்மேனியாவின் மரியா தீவைச் சொல்வேன். டிரையபன்னா என்ற ஊரிலிருந்து படகில் போக வேண்டும். தீவில் கடை இல்லை, பயணிகளின் கார்களுக்கும் இடமில்லை. உணவையும் போர்வையையும் கொண்டுபோய் டார்லிங்டன் முகாமில் ஓர் இரவாவது தங்குங்கள். பகல் பயணிகளின் கடைசிப் படகு போனபின் பழைய சிறைக் கட்டடங்களைச் சுற்றியுள்ள புல்வெளி முழுவதும் வொம்பேட்டும் வாலபியும் பேடிமெலன் என்னும் சிறு வாலபி வகையுமாக நிறைந்துவிடும். டாஸ்மேனியப் பேய்களைத் தாக்கும் தொற்றும் முகப் புற்றுநோய் 1996இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அந்நோய் இல்லாத ஒரு கூட்டத்தைக் காப்பாற்றி வைப்பதற்காக 2012இல் இங்கே சில பேய்கள் கொண்டுவிடப்பட்டன. நள்ளிரவில் கூடாரத்துக்கு வெளியே அவற்றின் அலறலைக் கேட்பவர்கள் அந்தப் பெயர் ஏன் வந்தது என்று வியக்க மாட்டார்கள். இரவில் காலணியையும் உணவுப் பொட்டலத்தையும் வெளியே விட்டுவைக்காதீர்கள்.

மேற்கு ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்கு எதிரேயுள்ள ராட்னெஸ்ட் தீவின் குவோக்காக்கள் என்னும் சிறு வாலபி வகையை எல்லோரும் அறிவார்கள். 1696இல் வந்த டச்சு மாலுமி விளமிங் அவற்றைப் பெருத்த எலிகள் என்று எண்ணித் தீவுக்கு எலிக்கூடு என்று பெயர் வைத்தார். அப்பகுதியின் பூர்வகுடிகளான நூங்கர் மக்கள் அந்தத் தீவை வாஜெமப் என்கிறார்கள். மனிதரைக் கண்டு அஞ்சாத விலங்கு என்பதால் இங்கே நம் கட்டுப்பாடுதான் அதற்குப் பாதுகாப்பு. தொடுவதற்கும் உணவூட்டுவதற்கும் அபராதம் உண்டு. நம்பேட்டைத் தேடுபவர்கள் பெர்த்திலிருந்து தென்கிழக்கே இரண்டு மணி நேரப் பயணத்தில் உள்ள டிரையாண்ட்ரா காட்டுக்குப் போய், கறையான் அரித்த விழுமரங்களின் நடுவே மிக மெதுவாகக் காரை ஓட்டிப் பார்க்க வேண்டும். இரண்டு நாள் தேடியும் கிடைக்காமல் போகலாம். மூன்றாம் நாள் முதுகில் வெள்ளை வரிகளோடு ஒரு சிறு உருவம் மரக்கட்டையின் மேல் நிமிர்ந்து நிற்கும்.

வடக்கே குவீன்ஸ்லாந்தின் ஆதர்ட்டன் மேட்டுநிலத்தில், யங்கபரா ஊரின் ஓடைக்கரைப் பாதையில் மரமேறும் கங்காருவைப் பார்க்கலாம். இலைத்தொகுதிக்குள் உடல் மறைந்துவிடும். கயிறு போல நேராகத் தொங்கும் நீண்ட வாலைத்தான் தேட வேண்டும். ஈச்சம் ஏரியைச் சுற்றிய மழைக்காட்டுப் பாதையில் காலை வேளையில் உதிர்ந்த பழங்களைப் பொறுக்கும் கஸ்தூரி எலிக்கங்காரு உண்டு. பகலில் நடமாடும் இந்தச் சிறிய விலங்குக்குப் பின்காலில் ஐந்தாவது விரல் இன்னும் இருக்கிறது. மற்ற கங்காருக்கள் அதை இழந்துவிட்டன.

சாலையும் தீனியும்

அந்தியிலும் விடியலிலும் கார் ஓட்டுவதுதான் இந்தப் பொழுதுபோக்கில் மனிதருக்கும் விலங்குக்கும் மிகப் பெரிய ஆபத்து. வேகத்தைக் குறைத்து, சாலையின் இரு ஓரங்களையும் கவனித்து ஓட்டுங்கள். ஒரு கங்காரு கடந்தால் பின்னால் இன்னொன்று வரும் என்றே கொள்ளுங்கள். குறுக்கே பாய்ந்துவிட்டால் வண்டியை வளைக்காமல் நேராகப் பிரேக் பிடியுங்கள். வளைத்துத் திருப்பியே பலர் மரத்தில் மோதியிருக்கிறார்கள். அடிபட்டு இறந்த விலங்கைக் கண்டால், பாதுகாப்பாக நிறுத்த முடிந்த இடத்தில் மட்டும் நிறுத்தி, அதன் பையில் குட்டி உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். காம்பைப் பற்றியிருக்கும் குட்டியை இழுக்கக் கூடாது, வாய் கிழிந்துவிடும். நியூ சவுத் வேல்ஸில் வயர்ஸ், விக்டோரியாவில் வைல்ட்லைஃப் விக்டோரியா போன்ற மீட்பு அமைப்புகளை உடனே அழைத்து அவர்கள் சொல்வதைச் செய்யுங்கள். தனியே கிடைத்த குட்டியைத் துணியில் சுற்றி, வெளிச்சமும் பேச்சும் இல்லாத கதகதப்பான இடத்தில் வையுங்கள். பசும்பாலைக் கொடுத்துவிடாதீர்கள்; அதிலுள்ள சர்க்கரை அதற்குச் செரிக்காது.

காட்டில் தீனி போடுவதை நம்மவர்களிடமும் நான் பலமுறை பார்த்திருக்கிறேன். விருந்தினருக்கு உணவிடாமல் அனுப்பாத பழக்கத்திலிருந்து வருவது அது என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் ரொட்டியும் சோற்று மிச்சமும் கங்காருவின் ஈறில் புண்ணாகி, தாடை எலும்பு வீங்கி அழுகும் நோய்க்கு வழி வகுக்கின்றன. அந்நோய் முற்றினால் அதற்கு மேய முடியாமல் போகும். கையில் உணவைத் தேடிப் பழகிய பெரிய ஆண், உணவில்லாத கையைக் கீறவும் உதைக்கவும் தொடங்கும்.

நம் உடம்பைப் பற்றியும் சுருக்கமாக: நீண்ட காற்சட்டை, மூடிய காலணி, போதிய தண்ணீர் கட்டாயம். கோடையில் புல்லுக்குள் பாம்பு இருக்கும். கிழக்குக் கரையோரக் காட்டிலிருந்து திரும்பியதும் காதின் பின்புறம், அக்குள், தலைமுடி ஆகியவற்றில் உண்ணி ஏறியிருக்கிறதா என்று ஒருவருக்கொருவர் பாருங்கள். எட்டு மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர் ஒன்று போதும்; கேமரா விருப்பம்.

ஒரு சிறு குறிப்பேட்டில் தேதி, நேரம், வானிலை, மரம் அல்லது புல்லின் வகை, விலங்கு என்ன செய்துகொண்டிருந்தது என்பதை அங்கேயே எழுதிவிடுங்கள். வீடு வந்தபின் எழுதுவது பாதி கற்பனையாகிவிடுகிறது. படத்தை ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் ஏற்றினால் தெரிந்தவர்கள் இனத்தை உறுதிசெய்து தருவார்கள். அழிவின் விளிம்பிலுள்ள இனங்களின் துல்லியமான இடத்தை அந்தச் செயலி பொதுப் பார்வைக்கு மறைத்தே காட்டும். வாட்ஸப் குழுவில் அந்த மறைப்பு கிடையாது. ஆகவே கிளைடர் தங்கும் பொந்து மரத்தின் இடத்தை அங்கே போடாதீர்கள், நண்பர்கள் எவ்வளவு கேட்டாலும். அவர்களை ஒரு மாலை நீங்களே அழைத்துப் போய், பாயை விரித்து, விளக்கை அணைத்துப் படுக்கச் சொல்லுங்கள்.